உங்க ஆளு நிக்காரா?

அப்பா வேலையிலிருந்து வந்து செருப்பைக் கழற்றும்போதே அம்மா கேட்பாள், "உங்க ஆளு நிக்காரா?"

"நிக்காரு," என்பார் அப்பா. அதற்குப் பிறகுதான் காபி வரும்.

ஒருமுறை திருநெல்வேலியிலிருந்து வந்திருந்த பெரியப்பா இதைக் கேட்டுவிட்டு, "யாருல நிக்கது? எந்தக் கட்சி?" என்று நிமிர்ந்து உட்கார்ந்தார். அம்மா அடுப்படிக்குள் போய்விட்டாள். அப்பா எழுந்து மின்விசிறியைக் கூட்டி வைத்தார். எனக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது, ஆனால் சிரிக்கவில்லை. அந்த ஆள் நிற்காமல் போகிற அன்று யாராவது ஒருவர் செத்துப்போவார் என்பது எங்கள் மூன்று பேருக்கு மட்டும்தான் தெரியும்.

அந்த ஆள் ஒரு வெண்கலச் சிலை. எங்கோ ஒரு தூர தேசத்துக்கு விடுதலை வாங்கித் தந்தவர். அந்த நாட்டுக்காரர்கள் புனே நகரத்துக்கு அன்பளிப்பாக அனுப்பியிருந்தார்கள். தொண்ணூறுகளின் தொடக்கம். முழங்கால் வரை பூட்ஸ், தோளில் அங்கி, இடது கை வாளின் மேல், வலது கை முன்னால் நீண்டு யாரையோ கூப்பிடுகிற மாதிரி. நிற்பதே கொஞ்சம் முன்னால் சாய்ந்துதான். அப்படித்தான் வார்த்திருந்தார்கள். கல்வெட்டில் மூன்று மொழிகளில் அவர் பெயர் இருந்தது, மூன்றிலும் ஒருவர் வாயிலும் நுழையவில்லை. ரிக்‌ஷாக்காரர்கள் ஒரே வாரத்தில் அவருக்கு 'பூட்வாலா' என்று பெயர் வைத்துவிட்டார்கள். அந்தச் சந்திப்பு பூட்வாலா சவுக் ஆனது. பதிலுக்கு நம் ஆள் ஒருவர் சிலையாக அவர்கள் ஊருக்குப் போனாராம். அங்கே அவருக்குப் பீடம் கட்டியவர் நிம்மதியாகத் தூங்குகிறாரா என்று நான் பல தடவை யோசித்திருக்கிறேன்.

இங்கே பீடம் கட்டிய பொறுப்பு அப்பாவுடையது. அவர் ஒரு அரசு அலுவலகத்தில் ஜூனியர் இன்ஜினியர். பாலம், அணை என்று பெரிதாக நினைத்துவிட வேண்டாம். விளக்குக் கம்பம், பூங்கா வேலி, சுற்றுச்சுவர், இதுதான் அவர் உலகம். மாற்றலாகிப் புனேவுக்கு வந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. இந்தியைத் தானாகவே பேசிப் பேசிப் பிடித்துக்கொண்டார். தப்பாகப் பேசினாலும் சத்தமாகப் பேசுவார். அதனால் யாரும் திருத்தவில்லை.

அப்பாவிடம் வேலை செய்த கொத்தனார் மராத்வாடா பக்கத்துக்காரர். எழுதப் படிக்கத் தெரியாது. வரைபடத்தை விரித்துக் காட்டினால் மரியாதையாகப் பார்ப்பார், அவ்வளவுதான். எதுவானாலும் வாயால் சொல்ல வேண்டும். சிலை வேலையின்போது வெளிநாட்டுத் தூதுக்குழு வரும் தேதி திடீரென்று முன்னால் வந்துவிட்டது. அப்பா நாலு இடத்துக்கு ஸ்கூட்டரில் ஓடிக்கொண்டிருந்தார். அன்று காலை பீடத்துக்கான குழியருகே வண்டியை நிறுத்தக்கூட நேரமில்லை. ஓட்டியபடியே கொத்தனாரைப் பார்த்து, கான்கிரீட் இத்தனை அடி என்று கத்திவிட்டுப் போனார். சாயங்காலம் திரும்பி வந்தபோது கான்கிரீட் போட்டு, சுற்றிலும் மண்ணை மூடி, தண்ணீர் தெளித்து வைத்திருந்தார்கள். மேலே கல் பீடம் எழும்பியது, அதன் மேல் சிலை ஏறியது. அடியில் என்ன இருக்கிறது என்று இனி யாராலும் பார்க்க முடியாது.

திறப்பு விழா காலையில் நடந்தது. பேண்டு வாத்தியம், இரண்டு கொடிகள், வெயிலில் சிவந்துபோன வெளிநாட்டுக்காரர்கள். மேலதிகாரி அப்பாவின் முதுகில் தட்டிக்கொடுத்ததை நானே பார்த்தேன். வீட்டுக்கு வந்ததும் அப்பா சந்தோஷத்தில் என் கையில் ரூபாய் நோட்டுகளைத் திணித்தார்.

"முக்குக் கடையில போயி டேட் கிலோ ஜிலேபி வாங்கிட்டு வா. குவார்ட்டர்ஸ்ல எல்லா வீட்டுக்கும் குடுக்கணும்."

நான் அப்போது ஆறாம் வகுப்பு. ஓடிப்போய் வாங்கி வந்தேன். பொட்டலத்தைத் தூக்கிப் பார்த்ததும் அவர் முகம் சுருங்கியது.

"என்னத்துக்குக் கொஞ்சமா வாங்கிட்டு வந்திருக்க? ரெண்டரை கிலோன்னுல்லா சொன்னேன்?"

"டேட் கிலோன்னு சொன்னீங்க."

"அதான். ரெண்டரை."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. வகுப்பில் இந்தியில் நான்தான் முதல். "அப்பா, டேட்னா ஒண்ணரை. ரெண்டரைக்கு டாயி. இதுகூடத் தெரியாதா?" என்றேன்.

தமிழில் இதில் ஒரு சிக்கலும் இல்லை. ஒன்றரை, இரண்டரை, மூன்றரை என்று எண்ணோடு ஓர் அரையை ஒட்டிவிட்டால் வேலை முடிந்தது. இந்திக்காரர்களும் மூன்றரையிலிருந்து ஒழுங்காகத்தான் போகிறார்கள். ஒன்றரைக்கும் இரண்டரைக்கும் மட்டும் எந்த எண்ணோடும் ஒட்டாத இரண்டு சொற்களை வைத்துக்கொண்டு நம்மைச் சோதித்துப் பார்க்கிறார்கள். 'தோ' என்றால் இரண்டு, அதனால் அந்தச் சாயலில் இருக்கிற 'டேட்' இரண்டரை என்று அப்பா தானாக முடிவு செய்திருந்தார். மிச்சமிருந்த டாயி அவருக்கு ஒன்றரை ஆகிவிட்டது.

அப்பா நாற்காலியைப் பிடித்துக்கொண்டு மெதுவாக உட்கார்ந்தார். ஜிலேபிப் பொட்டலம் அவர் மடியில் இருந்தது. பாகு காகிதத்தைத் தாண்டி வேட்டியில் இறங்கியது. அவர் கவனிக்கவில்லை.

"ஒண்ணரையா?" என்றார்.

"ஒண்ணரைதான்."

"கொத்தனார்ட்ட நான் டேட்னுல்லா சொன்னேன்," என்று அம்மாவைப் பார்த்துச் சொன்னார். அம்மாவுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் ஓடிப்போய் வாசல் கதவைச் சாத்தினாள்.

இரண்டரை அடி ஆழத்துக்கு இருக்க வேண்டிய கான்கிரீட் ஒன்றரை அடிதான் இருக்கிறது. மேலே முன்பக்கம் சாய்ந்து நிற்கிற ஒரு வெண்கல மனிதர். கீழே பேருந்து நிறுத்தம், பேல்பூரி வண்டி, கல்லூரிப் பிள்ளைகள். "எப்போ விழும்?" என்று கேட்டேன். "விழாமலும் இருக்கலாம். ஒரு நல்ல மழையில மண்ணு இளகிச்சுன்னா விழுந்துரும்," என்றார் அப்பா.

கொத்தனாரைக் கூப்பிட்டு எத்தனை அடி போட்டாய் என்று கேட்டிருக்கலாமே என்று யாருக்கும் தோன்றும். எனக்கும் தோன்றியது. கேட்கவும் கேட்டேன். "கேட்டா அவன் ஒண்ணரைன்னு சொல்லுவான். சொன்னப்புறம் நான் ஆபீஸ்ல சொல்லணும். சொன்னா வேலை போகும், இந்த வீடு போகும்," என்றார் அப்பா. அதாவது, கேட்காதவரை அவருக்கு அது தெரியாது. இந்தத் தந்திரம் எனக்கு அந்த வயதிலேயே அருவருப்பாக இருந்தது. ஆனாலும் நானும் வாயைத் திறக்கவில்லை. அந்த வீட்டில்தானே நானும் தூங்கினேன்.

அன்றிலிருந்து அப்பா அலுவலகம் போகும்போதும் வரும்போதும் பூட்வாலா சவுக்கைச் சுற்றிக்கொண்டுதான் போவார். மழைக்காலத்தில் மத்தியானமும் ஒருமுறை போவார். பீடத்தின் நான்கு மூலையிலும் மண்ணைக் காலால் அழுத்திப் பார்ப்பார். பேல்பூரிக்காரரிடம் இந்தப் பக்கம் வண்டியைப் போடாதே, அந்தப் பக்கம் போடு என்று ஏதாவது காரணம் சொல்லி விரட்டுவார். அவர் இரண்டு நாள் அங்கே போடுவார், மூன்றாம் நாள் நிழலைத் தேடி நீட்டிய கைக்குக் கீழேயே வந்து நிற்பார்.

அந்தச் சொற்களை மட்டும் அப்பா அதன்பிறகு ஒருநாளும் தப்பாகச் சொல்லவில்லை. குளிக்கும்போது டேட் ஒண்ணரை, டாயி ரெண்டரை என்று முணுமுணுப்பது வெளியே கேட்கும். அதே ஆண்டு மழைக்காலத்தில் ஊருக்கு வெளியே கோந்த்வாவில் ஒரு தாங்குசுவர் வேலை வந்தது. மேட்டு மண் சரியாமல் இருக்க நீளமாக, ஆள் உயரத்துக்கு மேல் ஒரு கருங்கல் சுவர். கோந்த்வா அப்போது வெறும் மேடும் முள்ளும்தான். அதே கொத்தனார், அதே ஆட்கள். கொட்டுகிற மழையில் ஸ்கூட்டரில் இருந்தபடியே அஸ்திவார ஆழத்தைச் சொல்லிவிட்டு வந்த அப்பா, தலையைத் துவட்டிக்கொண்டே அம்மாவிடம், "டாயின்னு தெளிவா ரெண்டு தடவ சொன்னேன். டாயி, டாயி," என்றார். பரீட்சையில் தேறிய பையனைப் போல அப்போது ஒரு சின்னச் சிரிப்பு அவர் முகத்தில் இருந்தது. மறுநாள் போனபோது அஸ்திவாரத்துக்கு மேல் இரண்டு வரிசைக் கல் ஏறியிருந்ததாம்.

மழை முடிகிற சமயத்தில் ஒருநாள், விடியும் முன் கட்டில் ஆடியது. மராத்வாடாவில் பூமி நடுங்கி ஊர்கள் மண்ணோடு போன நாள் அது. எங்களுக்கு அதெல்லாம் பிறகுதான் தெரியும். பாத்திரங்கள் கலகலத்தன, அம்மா என்னை இழுத்துக்கொண்டு வாசலுக்கு ஓடினாள். திரும்பிப் பார்த்தால் அப்பாவைக் காணோம். பனியனோடு ஸ்கூட்டரை உதைத்துக் கிளப்பிப் போயிருந்தார். வெளிச்சம் வந்த பிறகுதான் திரும்பினார்.

"நிக்காரு," என்றார், யாரும் கேட்பதற்கு முன்னால்.

"பெத்த பிள்ளைய விட்டுட்டு ஒரு பொம்மையப் பாக்கப் போனீங்களா?" என்று அம்மா முதல்முறையாக அவர்மேல் கத்தினாள். குவார்ட்டர்ஸ் முழுக்க வாசலில் நின்றிருந்தது. எல்லாரும் கேட்டார்கள். அதன்பிறகு அப்பா வெளிவேலை வேண்டாமென்று எழுதிக்கொடுத்துவிட்டு வரைபடப் பிரிவில் போய் உட்கார்ந்துகொண்டார். கோந்த்வா சுவர்தான் அவர் கடைசியாகக் கட்டியது.

நான் எட்டாம் வகுப்பு படித்தபோது, அந்த வீரரின் நினைவு நாளுக்கு எங்கள் பள்ளியிலிருந்து இருபது பெண்களைத் தேர்ந்தெடுத்தார்கள். சிலையின் அடியில் வரிசையாக நின்று மலர் வைக்க வேண்டும். உயரம் குறைந்தவள் என்பதால் எனக்கு முதல் வரிசை. அப்பா அன்று காலையில் என் நெற்றியைத் தொட்டுப் பார்த்து, காய்ச்சல் என்றார். எனக்குக் காய்ச்சல் இல்லை.

"மத்த பிள்ளைங்க எல்லாம் நிப்பாங்களேப்பா?"

அவர் செய்தித்தாளைத் திருப்பினார். நான் இன்னொரு தடவை கேட்டேன். இன்னொரு பக்கத்தைத் திருப்பினார். என் இடத்தில் என் பெஞ்சுத் தோழியை நிறுத்தியிருந்தார்கள். மத்தியானம் வரை நான் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு தெருவையே பார்த்துக்கொண்டிருந்தேன். யாராவது ஓடிவந்து செய்தி சொல்வார்கள் என்று நினைத்தேன். யாரும் வரவில்லை. மறுநாள் தோழி எனக்கென்று ஒரு வெளிநாட்டுச் சாக்லேட்டைப் பத்திரமாகக் கொண்டுவந்து கொடுத்தாள். அதை என்னால் தின்ன முடியவில்லை. அப்பாவை நான் வெறுத்தேன் என்று சொன்னால் அது மிகை இல்லை. என்னையும் சேர்த்துத்தான்.

வருடங்கள் ஓடின. அப்பா ஓய்வு பெற்றார். நான் கணினி வேலைக்குப் போய், புனேவின் மறுகோடியில், வாகட்டில், ஐந்தாவது மாடியில் ஒரு வீடு வாங்கி, இருவரையும் கூட்டிவந்தேன். பூட்வாலா சவுக் இப்போது ரொம்பத் தூரம். ஆனாலும் அப்பா இரண்டு பேருந்து மாறிப் போய்ப் பார்த்துவிட்டு வருவார். மழைக்காலத்தில் அவருக்கு ரத்த அழுத்தம் ஏறும். மாத்திரையின் அளவை ஜூன் மாதம் கூட்டி அக்டோபரில் குறைத்தார் டாக்டர். காரணம் தெரியாமலே.

பிறகு சாலையை அகலப்படுத்த வேண்டுமென்று சிலையை ஒரு பூங்காவுக்கு மாற்றப்போவதாகச் செய்தி வந்தது. மே மாதக் கடைசி. அப்பா போகவில்லை. "என்னால பாக்க முடியாது. நீ போயி அளந்துட்டு வா," என்று தன் பழைய இரும்பு டேப்பை என் கையில் கொடுத்தார்.

கிரேன் சிலையைத் தூக்கி லாரியில் மல்லாக்கப் படுக்க வைத்திருந்தது. நீட்டிய கை வானத்தைக் காட்டியது. பீடத்தைப் பெயர்த்து, அடிக் கான்கிரீட்டை ஒரு பக்கம் தோண்டியிருந்தார்கள். நான் அலுவலக உடையோடு குழிக்குள் இறங்கினேன். டேப் இரண்டு தடவை சுருண்டு உள்ளே போய்விட்டது. மூன்றாம் தடவை அழுத்திப் பிடித்தேன். இரண்டரை அடி, அதற்கு மேலும் ஒரு விரற்கடை.

குழிக்குள் நின்றபடியே வீட்டுக்குப் போன் செய்தேன். "ரெண்டரைப்பா. ரெண்டரை இருக்கு," என்றேன். அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. போனை வைத்துவிட்டார். நான் அழுதுகொண்டே சிரித்தேன். பதின்மூன்று வருடம் ஒரு மனிதர் சும்மா செத்துக்கொண்டிருந்திருக்கிறார்.

மேலே ஏற ஒருவர் கை கொடுத்தார். சிலையைப் பெயர்க்கிற வேலையில் இருந்த அதே கொத்தனார், தலை நரைத்திருந்தது. அவரை நான் சிறுவயதில் பார்த்திருக்கிறேன். டேப்பின் மேல் இருந்த பெயிண்ட் அடையாளத்தைப் பார்த்துவிட்டு, "மதராசி சாகிப் பொண்ணா?" என்று இந்தியில் கேட்டார். நான் தலையாட்டிவிட்டு, "அப்பா உங்ககிட்ட டேட்னுதானே சொன்னார்? நீங்க எப்படி டாயி போட்டீங்க?" என்றேன்.

அவர் வாய்விட்டுச் சிரித்தார். அவர் சொன்னதைத் தமிழில் சொல்கிறேன். "சாகிப் வந்த புதுசுல விளக்குக் கம்பத்துக்குக் குழி எடுத்தோம். வாயில டேட்னு சொன்னார், கையைத் தொடையில வெச்சுக் காட்டினார். தொடை வரைக்கும்னா அது டாயி ஆச்சே. அப்பவே எனக்குப் புரிஞ்சுபோச்சு. பெரிய மனுஷரைத் திருத்தறது நல்லா இருக்காது. என் ஆளுங்க எல்லார்கிட்டயும் சொல்லி வெச்சுட்டேன். சாகிப் டேட்னா டாயி போடு, டாயின்னா டேட் போடு. கடைசி வரைக்கும் ஒரு தப்புகூட வரலை, மகளே."

"கடைசின்னா?"

"கோந்த்வா சுவர் வரைக்கும்," என்றார் பெருமையாக. "அதுக்கு டாயி, டாயின்னு ரெண்டு தடவை கத்தினார் சாகிப். சரின்னு கரெக்டா டேட் போட்டேன்."

அவர் முகத்தில் இருந்தது நன்றியை எதிர்பார்க்கிற சிரிப்பு. நான் நன்றி சொன்னேனா என்று நினைவில்லை.

ரிக்‌ஷா பிடித்துக் கோந்த்வா போனேன். முள்ளும் மேடும் இருந்த இடத்தில் வரிசையாக அடுக்குமாடிகள். சுவரைத் தேட வேண்டியிருக்கவில்லை. மேலே மேட்டில் லாரிகள் போகிற தார்ச்சாலை போட்டிருந்தார்கள். கீழே சுவரை ஒட்டித் தகரக் கூரை போட்ட ஒரு பால்வாடி. சுவரையே பின்சுவராக வைத்துக் கட்டியிருந்தார்கள். செலவு மிச்சம். கரும்பலகைக்குப் பதிலாகச் சுவரில் கருப்பு வண்ணம் அடித்து, மாம்பழம், யானை, பலூன் வரைந்திருந்தது. யானையின் வயிற்றுக்குக் குறுக்கே ஒரு வெடிப்பு ஓடியது. என் சுண்டுவிரல் உள்ளே போனது. மேலே ஒரு லாரி போனபோது, சுவரில் வைத்திருந்த என் உள்ளங்கைக்கு அது தெரிந்தது. பிள்ளைகளுக்கு விடுமுறை. பால்வாடி எப்போது திறக்கும் என்று பக்கத்துக் கடையில் கேட்டேன். "மழை ஆரம்பிச்சதும், ஜூன்ல," என்றார்கள்.

நான் வீட்டுக்குள் நுழைந்தபோது அம்மா அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. நேராகக் காபியை நீட்டினாள். மேசை மேல் பெரிய பொட்டலம் பிரிந்து கிடந்தது. ஜிலேபி. அப்பா தானே கடைக்குப் போய் வாங்கி வந்திருக்கிறார். பளிச்சென்று சவரம் செய்து, வெள்ளைச் சட்டை போட்டிருந்தார்.

"டாயி கிலோன்னு கேட்டேன். கரெக்டா ரெண்டரை நிறுத்துக் குடுத்தான்," என்றார். "எங்க போயிட்டு வார, இவ்வளவு நேரம்?"

"கோந்த்வாவுக்கு."

"நம்ம சுவரப் பாத்தியா? அதப் பத்தி எனக்கு ஒருநாளும் கவல இருந்ததில்ல. அது நூறு வருசம் நிக்கும்."

அவருக்கு அந்த ஒரு சாயங்காலத்தையாவது விட்டுவைத்திருக்கலாம். நாளைக்குச் சொல்லலாம், மழை வர இன்னும் பத்து நாள் இருக்கிறது என்று ஒரு மனம் சொன்னது. அதே தந்திரம். எங்கள் வீட்டுத் தந்திரம். காபியைக் கீழே வைத்தேன்.

"அப்பா, உக்காருங்க."

ஆறாம் வகுப்பில் ஜிலேபிப் பொட்டலத்தோடு நின்றவளின் குரல் அவருக்கு உடனே தெரிந்துவிட்டது. நாற்காலியைப் பிடித்துக்கொண்டு மெதுவாக உட்கார்ந்தார். என் முகத்தைப் பார்த்தார்.

"டேட் போட்டுட்டானா?" என்று கேட்டார்.